பணியிடத்தின் பின்வாசலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பணியிடங்களைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையாக மாற்றுவது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெகிரி செம்பிலானின் பகாவ் நகரிலிருந்தும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஆகவே இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் இடவில்லை.

கேள்வி: நான் பகாவ் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகப் பணிபுரிகிறேன். அலுவலகத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். அடுத்த எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) தணிக்கைக்குள் இதைப் பசுமை அலுவலகமாக மாற்ற வேண்டும் என்று நிர்வாகி பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். பூந்தொட்டி வைக்கலாம், சுவரொட்டி ஒட்டலாம், மூன்று நிறக் குப்பைத் தொட்டிகள் வாங்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கையில் பெரிய தொகை இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தொட்டிகளையும் சுவரொட்டிகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளை எடுத்து, மாதவாரியாக எத்தனை யூனிட் செலவாகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தீபகற்ப மலேசியாவில் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு எங்கோ ஒரு மின்நிலையத்திலிருந்து வெளியேறுகிறது. ஏனெனில் நம்முடைய மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகம் சுற்றுச்சூழலின் மீது ஏற்றும் சுமையில் பெரும்பங்கு அந்த ரசீதில்தான் இருக்கும்.

அதற்கடுத்து ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது மின்மானியில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தவுடன், எந்தச் சுவிட்சையும் தொடுவதற்கு முன்னால், மீண்டும் அதைப் பாருங்கள். ஆளே இல்லாத இரவில் ஓடிய மின்சாரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். சுடுநீரும் குளிர்நீரும் தரும் குடிநீர் இயந்திரம், நகலெடுக்கும் இயந்திரம், அணைக்கப்படாத கணினித் திரைகள், ஒரே ஒரு பால்டின்னைக் காத்துக்கொண்டிருக்கும் பழைய குளிர்பதனப் பெட்டி ஆகியவை இரவெல்லாம் மின்சாரம் குடிப்பதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். இவற்றை நிறுத்துவதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகாது.

விளக்குகளுக்கு வருவோம். பழைய 36 வாட் குழல்விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்தால் 40 வாட்டுக்கும் அதிகமாக எடுக்கும். அதே வெளிச்சத்துக்கு 18 வாட் எல்இடி குழல் போதும். விளக்குக்கு 25 வாட் மிச்சம் என்று கொண்டால், இருபது விளக்குகள் நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் எரியும் அலுவலகத்தில் 4.5 யூனிட்டும், 26 வேலைநாள் கொண்ட மாதத்தில் 117 யூனிட்டும் குறையும். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் அது மாதத்துக்கு ஏறத்தாழ 90 கிலோ. ஆனால் கழற்றிய பழைய குழல்களைக் குப்பையில் எறிந்து உடைத்துவிடாதீர்கள். அவற்றில் பாதரசம் இருக்கிறது. முழுதாகவே அட்டைப்பெட்டியில் அடுக்கி, தோட்டத்தின் அட்டவணைக் கழிவுகளோடு (ஆபத்தானவை என்று சட்டம் பட்டியலிட்ட கழிவுகள்) சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

குளிர்சாதனம்தான் உங்கள் ரசீதில் மிகப் பெரிய பங்கு என்று துணிந்து சொல்வேன். அரசு அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தப்பட்டது. எம்எஸ் 1525 என்ற மலேசியத் தரமும் ஏறத்தாழ இந்த அளவையே பரிந்துரைக்கிறது. ஒன்றரைக் குதிரைத்திறன் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,100 வாட் எடுக்கும். கூரை மின்விசிறி 70 வாட்டோடு நின்றுவிடும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, குளிர்சாதனத்தை 26 பாகையில் வைத்தால், 22-இல் தனியாக ஓடும் குளிர்சாதனம் தரும் சுகத்தை ஏறக்குறைய அடைந்துவிடலாம். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதையும் யாராவது ஒருவருடைய வேலையாக எழுதி வையுங்கள்.

இங்கே தோட்ட அலுவலகங்களுக்கே உரிய ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பழைய தோட்ட அலுவலகங்கள் உயரமான கூரையும் நீண்ட வராந்தாவும் எதிரெதிர்ச் சன்னல்களும் கொண்டு, காற்று தானாக ஓடும்படி கட்டப்பட்டவை. பிற்காலத்தில் அந்தக் கட்டடங்களிலேயே தாழ்வான உட்கூரை அடித்துக் குளிர்சாதனத்தைப் பொருத்தினார்கள்; ஆனால் கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய சன்னல்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பலகைகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி இருக்கும். குளிர்ந்த காற்று நாள் முழுவதும் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். ஓர் ஊதுவத்தியை ஏற்றிச் சன்னலோரம் பிடித்தால், புகை எங்கே இழுபடுகிறது என்று கண்ணாலேயே காணலாம். குளிர்சாதனம் ஓடும் அறையின் சன்னல்களை மட்டும் உள்பக்கத்திலிருந்து ஒளி ஊடுருவும் பலகையால் அடையுங்கள். மற்ற அறைகளில் சன்னல்களைத் திறந்து மின்விசிறியோடு வேலை செய்யுங்கள். உட்கூரைக்கு மேலே வெப்பத்தைத் தடுக்கும் கம்பளியைப் பரப்புவதும் நல்ல பலன் தரும். ஆனால் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் துளையிடவோ உடைக்கவோ நீங்களாக முயல வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ எடை. செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பதிவேட்டையும் மாத அறிக்கையையும் இருபக்கமும் அச்சிடுமாறு இயந்திரத்தில் ஒருமுறை மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு எவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த மின்-விலைப்பட்டியல் முறையும் இதற்குத் துணை செய்யும்.

கடைசியாக அந்த மூன்று நிறத் தொட்டிகள். அவற்றை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அலுவலகத்தைக் கூட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்காதீர்கள். எட்டுப் பேரும் கையில் இருப்பதை எதில் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போக, மாலையில் அவர் குனிந்து கறிக்குழம்பு ஒட்டிய பொட்டலத்தையும் காகிதத்தையும் கையால் பிரிக்கும் காட்சியைப் பார்த்திருக்கிறேன். குறைந்த சம்பளம் வாங்குபவருடைய முதுகில் கூடுதல் சுமையை ஏற்றி வைத்துவிட்டு அதைப் பசுமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அவரவர் மேசையடிக் கூடைகளை எடுத்துவிட்டுப் பொதுவில் ஓரிடத்தில் தொட்டிகளை வையுங்கள். போடுகிறவரே பிரித்துப் போடட்டும். நிர்வாகியும் எழுந்து நடந்து வந்து போட வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலக வளாகத்தில் உதிரும் இலைகளையும் வெட்டிய புல்லையும் வெள்ளிக்கிழமை மாலையில் பின்னால் குவித்துக் கொளுத்துவது காலங்காலமாக நடந்துவருகிறது. சிறிய குவியல்தானே, இதில் என்ன தவறு?

பதில்: திறந்த வெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது, அதன் 29ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குவியலில் இலை மட்டுமா இருக்கிறது? தாப்பாவ் வாங்கி வந்த பொலிஸ்டிரின் பெட்டியும் நெகிழிப் பையும் அதில் சேர்ந்துதான் எரிகின்றன. அந்தப் புகை லயன் வீடுகளின் பக்கம்தான் போகிறது. மறுநடவின்போது ஆயிரக்கணக்கான செம்பனை மரங்களைச் சாய்க்கும் தோட்டங்களே எரிப்பதைக் கைவிட்டு, தண்டுகளைச் சீவி நிலத்திலேயே மக்கவிடுகின்றன. ஒரு சாக்கு இலையை மக்கவிட உங்களுக்கு இடமில்லாமல் போகாது. வேலியோரத்தில் நான்கு கழி ஊன்றிக் கம்பிவலை சுற்றி, அதற்குள் இலையைப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாகத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் எல்லோரும் பெண்கள். காலியான மருந்துக் கேன்களைச் சிலர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். வேண்டாம் என்றால், “சோப்பு போட்டுக் கழுவிவிட்டோம், ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். சுற்றுச்சூழல் தினத்தன்று அலுவலகத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வேலைக்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்பு இருக்கிறதா?

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் மிக முக்கியமானது உங்களுடையதுதான். தோட்டம் ஒரு பணியிடம் என்றால், அதில் சுற்றுச்சூழலை முதலில் தொடுகின்ற கைகள் உங்களுடையவை. நீங்கள் சுமக்கும் முதுகுப் பம்பிலிருந்து வெளியேறுவது மண்ணுக்கும் ஓடைக்கும் போகிறது. அதற்கு முன்னால் உங்கள் தோலிலும் மூச்சிலும் படுகிறது. பணியிடத்தைத் தூய்மையாக்கும் வேலையை உங்கள் கிடங்கிலிருந்து தொடங்காத தோட்டம், எத்தனை மரக்கன்று நட்டாலும் தொடங்கவே இல்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

கேன்களைப் பற்றி உங்கள் தோழியரிடம் இப்படிச் சொல்லுங்கள். அந்தக் கேனின் நெகிழி மருந்தைத் தன் சுவருக்குள் சிறிதளவு உறிஞ்சிக்கொள்கிறது. மேலே ஒட்டியிருப்பதைத்தான் சோப்பு நீக்கும். உள்ளே ஊறியது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். ஆகவே எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீரோ சமையல் எண்ணெயோ அரிசியோ வைக்கக் கூடாது, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தண்ணீரும் கூடாது.

கேனைக் கழுவுவது வேறொரு காரணத்துக்காக அவசியம். மருந்தைப் பம்பிலோ கலவைத் தொட்டியிலோ ஊற்றியபின், கேனைக் கவிழ்த்தபடியே சொட்டுகள் நிற்கும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு கால் கேன் அளவு நல்ல தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைக் கலவைத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இதை மூன்று முறை செய்ய வேண்டும். கழுவிய தண்ணீர் வடிகாலுக்கோ ஓடைக்கோ போகவே கூடாது. அது மருந்துதான், அடிக்க வேண்டிய இடத்தில் அடிபட்டுத் தீரட்டும். அதன் பிறகு கேனின் அடியில் ஆணியாலோ கத்தியாலோ துளையிட்டுவிட்டால், எவரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போக முடியாது. துளையிட்ட கேன்களைப் பூட்டிய இடத்தில் எண்ணி வைத்து, முறையாகப் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்திடம் ஒப்படைப்பது நிர்வாகத்தின் கடமை. கழுவாமல் விட்ட கேன் சட்டப்படி அட்டவணைக் கழிவு. அதைச் சாதாரணக் குப்பையில் போடுவது குற்றம். கிடங்கிலிருந்து வெளியே போன கேன் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று ஒரு புத்தகம் இருந்தாலே வீட்டுக்குப் போவது நின்றுவிடும்.

வேலை முடிந்து மருந்து படிந்த உடையோடு லயன் வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பதும் நிற்க வேண்டும். குளிக்கவும் உடையைத் துவைக்கவும் மருந்துக் கிடங்குக்கு அருகிலேயே இடம் அமைத்துத் தர வேண்டியது தோட்டம். அந்தக் கழிவுநீரும் வெளி வடிகாலில் கலக்காதபடி தனித்தொட்டிக்குப் போக வேண்டும். ஆபத்தான வேதிப்பொருள்களைப் பயன்படுத்தும் பணியிடங்களில் உடல்நல அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் தராமல் மருந்தடிக்கச் சொன்னால் இந்த உரிமையை நினைவில் கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வேலையில் இருக்கவே கூடாது.

இந்த உரிமைகள் தாமாக வந்தவை அல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கில் இரத்தம் வடிந்ததையும் தோட்டப் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய, பெண் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானிதா போன்ற அமைப்புகள் அவற்றைப் பதிவு செய்தன. 2002-இல் அறிவிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. மீண்டும் போராடி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பழைய கிடங்கு மூலையில் இன்னும் ஒரு கேன் கிடந்தால், அதைத் தொடாமல் எழுத்து மூலம் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

மருந்தின் அளவையே குறைக்க வழியுண்டா என்றால், உண்டு. மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்திலும் குலை சுமக்கும் நடைபாதையிலும் மட்டும் அடித்து, இடையில் வளரும் மென்மையான பெரணிகளை விட்டுவைத்தால், மண் வெயிலில் காயாது, மழையில் அரிபடாது. இளம் மரங்களுக்கிடையே மூக்குனா கொடியை வளர்த்தால் அதுவே களையை அமுக்கிவிடும். தோட்டச் சாலையோரம் வெளிர்மஞ்சள் பூப்பூக்கும் தூர்னெரா செடிகளை வரிசையாக நட்டிருப்பது அழகுக்காக அல்ல; இலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்கு அந்தப் பூக்கள்தான் உணவு. அதன்மீது தவறியும் மருந்தடிக்காதீர்கள். எலிக்கு விஷம் வைப்பதற்குப் பதிலாகக் கூகைகளுக்குக் கூண்டு வைக்கும் முறை மலேசியத் தோட்டங்களில் வெகுகாலமாக இருக்கிறது. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு சோடிக் கூகை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும். கூகை அலறினால் ஆகாது என்ற அச்சத்தில் கூண்டைக் கழற்றச் சொல்லும் வீட்டாருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பகாவ் நகரில் சிறிய வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய எஞ்சின் எண்ணெயை ஒருவர் லாரியில் வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப் போகிறார், ரசீது தருவதில்லை. எண்ணெய் துடைத்த துணியும் பழைய வடிகட்டியும் குப்பை லாரியில்தான் போகின்றன. சிறிய பட்டறைக்கும் சட்டம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் பட்டறையின் பரப்பளவைப் பார்ப்பதில்லை. பழைய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305, எண்ணெய் படிந்த துணியும் வடிகட்டியும் எஸ்டபிள்யூ 410, ஈய மின்கலம் எஸ்டபிள்யூ 102 என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு உண்டு. இவற்றை 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ உங்களிடம் தேக்கி வைக்கக் கூடாது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். ரசீதில்லாமல் வாங்கிப் போகிறவர் அந்த எண்ணெயை எங்கே கொட்டினாலும், அது உங்கள் பட்டறையில் உருவானது என்பதால் பொறுப்பு உங்களைத் தேடி வரும். அவர் தரும் சில வெள்ளி அந்த ஆபத்துக்கு ஈடாகாது. அடுத்த முறை வரும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறொருவரைத் தேடுங்கள்.

பட்டறைக்குள் செய்ய வேண்டியது எளிதுதான். எண்ணெய்ப் பீப்பாயைக் கூரைக்கடியில், சிமெண்டுத் தரையில், சுற்றிலும் முழங்கை உயரத்துக்குச் சுவரெழுப்பிய தொட்டிக்குள் வையுங்கள். பீப்பாய் கசிந்தால் முழு எண்ணெயும் அந்தச் சுவருக்குள் அடங்க வேண்டும். பீப்பாய்மீது குறியீட்டையும், சேமிக்கத் தொடங்கிய தேதியையும் ஒட்டுங்கள். தரையில் சிந்திய எண்ணெயைத் தண்ணீர் பீய்ச்சி வடிகாலுக்குத் தள்ளும் பழக்கம் உங்கள் பையன்களிடம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள். மரத்தூளைத் தூவி, ஊறியதும் கூட்டி எடுத்து, அட்டவணைக் கழிவுக்கான வாளியில் போடச் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக்குப் பின்னால் ஓடும் வடிகால் கடைசியில் ஆற்றில் போய்ச் சேருகிறது. அந்த ஆற்றுநீரைத்தான் கீழே எங்கோ ஓர் ஊர் சுத்திகரித்துக் குடிக்கிறது.

கேள்வி: எங்கள் கடையின் கூரையில் சூரியசக்தித் தகடுகள் பொருத்த விற்பனையாளர் வற்புறுத்துகிறார். செய்யலாமா?

பதில்: ஒரு கிலோவாட் தகடு நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி மூன்று முதல் நான்கு யூனிட் தரும். பகலில் மின்சாரம் அதிகம் செலவாகும் கடைக்கு இது ஏற்றது. முதல் கடிதத்துக்குச் சொன்ன சிக்கனங்களைச் செய்து முடித்து, மிஞ்சும் தேவைக்கு மட்டும் தகடு வாங்குங்கள். செலவு கணிசமாகக் குறையும். துருப்பிடித்த கூரையாக இருந்தால் கூரையை மாற்றிய பிறகு செய்யுங்கள்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளியும் எங்களுக்குப் பணியிடம்தானே? மாணவர்களுக்குப் பாடம் சொல்வதோடு நில்லாமல், ஆசிரியர் அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: நல்ல கேள்வி. ஆசிரியர் அறையில் தாப்பாவ் பொட்டலம் வராமல் இருக்கட்டும். நம் தாத்தா பாட்டிமார் வெளிக்காட்டுக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போனவர்கள். ஆசிரியர்களும் அதை மேசைமீது வைத்துச் சாப்பிட்டால் பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள். நெகிரி செம்பிலானில் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால், 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் உலோகத்துக்கும் என்ற பொது மறுசுழற்சித் தொட்டிகளின் முறையையே பள்ளியிலும் வைத்தால், வெளியே ஒன்று பள்ளியில் ஒன்று என்ற குழப்பம் வராது. சிற்றுண்டிச்சாலையின் காய்கறித் தோலை மட்கு உரமாக்கிப் பள்ளித் தோட்டத்துக்கே போடலாம்; 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இத்தகைய இயற்கை முறைகளைப் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்தது.

மழைநீரையும் விட்டுவிடாதீர்கள். நெகிரியின் உட்பகுதி, குறிப்பாக ஜெலுபு, தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதி என்று பெயர்பெற்றது. அங்கும் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 1,500 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 150,000 லிட்டர். கழிவறைக்கும் செடிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம். தொட்டியின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கையளவு தண்ணீரே போதும்.

கேள்வி: செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறேன். எங்கள் ஆலைக் குளங்களின் நாற்றத்தைப் பற்றி ஊரார் என்னிடம்தான் குறைகூறுகிறார்கள். சாதாரணத் தொழிலாளியான நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் ஊராருக்கு விளக்குங்கள். ஒரு டன் குலையை ஆலையில் பதப்படுத்தும்போது அரை டன்னுக்கும் அதிகமான கழிவுநீர் உண்டாகிறது. நீரில் உள்ள உயிரிப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை பிஓடி என்பார்கள். ஆலையிலிருந்து சூடாக வெளியேறும் கழிவுநீரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் இருக்கும். ஆற்றில் விடுவதற்கான பொது வரம்பு 100 மில்லிகிராம். சில இடங்களில் 20. அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் குளம் குளமாக நாள்கணக்கில் தேக்கி வைக்கிறார்கள். காற்று புகாத குளங்களில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலியது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுப்பதே சரியான தீர்வு. 2014 முதல் புதிய ஆலைகளுக்கு அது நிபந்தனையாகவும் ஆக்கப்பட்டது. ஆனால் அது முதலாளியின் முதலீடு. உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். குளத்துக்குப் போகும் சுமையில் ஒரு பகுதி தரையிலிருந்து வருகிறது. எண்ணெயும் சக்கையும் சிந்திய தரையை நேராகக் குழாய்நீரால் அடிக்காமல், முதலில் தட்டையான மண்வாரியால் சுரண்டி எடுத்து, அதற்குப் பிறகு கழுவினால், தண்ணீரும் குறையும், கழிவின் கனமும் குறையும். கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பொறித்தொட்டியில் மிதக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஷிப்டிலும் வழித்தெடுக்காவிட்டால், அது குளத்தின் மேல் படலமாகப் படிந்து நுண்ணுயிர்களை முடக்கும். நாற்றம் திடீரென்று கூடிய நாள்களில் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தொட்டியைத்தான். ஒழுகும் நீராவி வால்வு, மூடப்படாத சுடுநீர்க் குழாய், குளத்தில் சேறு நிரம்பி ஆழம் குறைந்திருப்பது ஆகியவற்றை எல்லோருக்கும் முன்னால் காண்பவர் நீங்கள்தான். அவற்றை வாய்வழியாகச் சொல்லி விட்டுவிடாமல், தேதி, நேரம், இடம் என்று எழுதுங்கள்.

நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். உங்கள் ஆலையின் பிரதிநிதி யார் என்று தெரிந்துகொண்டு, நீங்கள் எழுதி வைத்தவற்றை அடுத்த கூட்டத்தில் முன்வைக்கச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறியிருக்கிறதா, எந்தத் தேதிக்குள் சரிசெய்வதாக எவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தேதி தாண்டியும் ஒன்றும் நடக்காவிட்டால், குறிப்பின் நகலோடு சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்துக்கு எழுதலாம். ஊராரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.